சொந்த ஜெனரேட்டரும் பொதுக் கம்பியும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி இரவு பெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டித் தெருக்கள் ஓடைகளாயின. மறுநாள் வெள்ளத்தில் சிக்கிய ஜனங்களை மீட்க ராணுவம் வரவேண்டி நேர்ந்தது. மின்சாரமின்றி நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. இத்தகைய இரவுகளில் புதுச்சேரியில் மட்டுமன்றி, கடலோரத்துத் தமிழ் ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்கும் சப்தம் ஒன்றுண்டு. வீட்டு வாசல்களிலும் கடை முகப்புகளிலும் ஓடும் சிறு ஜெனரேட்டர்களின் சப்தமே அது. அந்தச் சப்தத்தைக் கேட்போர், யாரோ ஒருவர் வீட்டிலாவது விளக்கு எரிகிறதே என்று திருப்தியடைவர். ஆனால் அந்த யந்திரத்திலிருந்து புறப்படும் கம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. இன்று நாம் கேட்க விரும்புவது அந்தக் கேள்வியைத்தான்.

கேள்வி சிறியது போலத் தோன்றலாம். எனினும் அதற்குத் தவறான விடை கிடைக்கும் இடத்தில், கம்பம் ஏறிய தொழிலாளி ஒருவர் உயிரோடு இறங்காமற் போகலாம். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

ஜெனரேட்டர் குற்றமன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் மீது நமக்கு யாதொரு புகாரும் இல்லை. புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டைக் கண்டவர்கள் அதன் அவசியத்தை எளிதில் உணர்வர். நேரு வீதியை ஒட்டி, மணிக்கூண்டைச் சுற்றி நெருக்கமாக அமைந்த கடைகளின் தொகுதி அது. 1963ல் புதுச்சேரியின் முதலமைச்சராயிருந்த எதுவார் குபேரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருப்பினும், ஊர் ஜனங்கள் அதனைப் பெரிய மார்க்கெட் என்றே வழங்குகின்றனர். காய்கறி, மீன், பூ, மளிகை, பாத்திரம், துணி என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அனைத்தும் ஒரே கூரைத் தொடரின் கீழ் விற்பனையாகும் இடம். உள்பக்கத்துச் சந்துகளில் பட்டப்பகலிலும் விளக்கின்றி வியாபாரம் நடவாது. தராசும் இன்று மின்சாரத்தால் இயங்குகிறது. கணக்கும் மின்சாரத்தால் இயங்குகிறது. பால், தயிர் விற்பவரின் குளிர்ப்பெட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டுவதில்லை. அரைநாள் மின்சாரம் நின்றால் சிறு வியாபாரியின் ஒரு வாரத்து லாபம் கெட்டுப்போவதுண்டு.

மின்சாரம் நிற்பதோ அபூர்வமான சம்பவமன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ந் தேதி காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது கம்பங்கள் கணக்கின்றிச் சாய்ந்தன. பல பகுதிகளில் நாட்கணக்கில் விளக்கெரியவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், மின் வினியோகத்தைத் தனியாரிடம் ஒப்புவிக்கும் முயற்சியை எதிர்த்து மின்துறைச் சிப்பந்திகள் வேலைநிறுத்தம் செய்தனர். அக்டோபர் முதல் தேதியன்று நகரின் பல இடங்களில் மணிக்கணக்காக இருள் சூழ, ஜனங்கள் தெருவுக்கு வந்து மறியல் செய்ததும் வாசகர்கள் அறிந்ததே. இப்படிப்பட்ட நாட்களில் தமக்கென ஒரு யந்திரம் வைத்துக் கொள்பவரைக் குறை கூறுவது நியாயமாகாது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் ஒருவர் தம் சொந்த உபயோகத்திற்கு மின்சாரம் உற்பத்தி செய்து கொள்வதைத் தடுக்கவில்லை.

ஆகவே யந்திரத்தில் குற்றமில்லை. அதைப் பொதுக் கம்பியுடன் இணைக்கும் முறையிலேதான் குற்றம் புகுகிறது.

இணைப்பு செய்யும் வகை

வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரை உபயோகிக்க மூன்று வகைகள் வழக்கத்தில் உண்டு. முதல் வகை மிக எளியது. யந்திரத்திலுள்ள பிளக் துவாரத்தில் தனிக் கம்பியைச் செருகி, இரண்டு விளக்குகளையோ ஒரு குளிர்ப்பெட்டியையோ நேரே இயக்குவது. இதில் வீட்டின் கம்பிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் சம்பந்தமே கிடையாது. பார்வைக்கு அழகில்லாவிடினும், கம்பி நல்லதாயிருப்பின் இதனால் பிறருக்கு அபாயமில்லை.

இரண்டாவது வகை முறைப்படி செய்வது. மீட்டரிலிருந்து வரும் கம்பியும் ஜெனரேட்டரிலிருந்து வரும் கம்பியும் 'சேஞ்சோவர் சுவிட்சு' என்னும் மாற்றுச் சுவிட்சில் வந்து சேரும். அதன் கைப்பிடி ஒரு பக்கம் நின்றால் வீடு சர்க்கார் மின்சாரத்தில் இயங்கும். மறுபக்கம் திருப்பினால் ஜெனரேட்டரில் இயங்கும். நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தொடுவதற்கு அதன் அமைப்பிலேயே இடமில்லை. ஒரு கதவுள்ள அறைக்குள் நிற்பவர் அதே சமயத்தில் வெளியிலும் நிற்க இயலாதது போன்றதே இது.

மூன்றாவது வகையே அபாயமானது. மாற்றுச் சுவிட்சுக்குச் செலவு செய்ய மனமின்றியோ, அவசரத்தினாலோ, இரு முனையிலும் முள் பிளக்கு வைத்த கம்பி ஒன்றைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக் துவாரத்திலும் செருகிவிடுவது. சிலர் பிளக்கு கூட இன்றி மெயின் போர்டிலேயே ஜெனரேட்டர் கம்பியை முறுக்கிவிடுவதும் உண்டு. உடனே வீடு முழுவதும் விளக்கெரிகிறது. பார்ப்பவர்கள் இது மிகவும் சாமர்த்தியமான ஏற்பாடு என்று மெச்சுகின்றனர். ஆனால் வீட்டுக்குள் மின்சாரம் வருவதற்கென்று அமைந்த கம்பி, வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே போவதற்கும் வழிவிடும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. மெயின் சுவிட்சு அணைக்கப்படாதிருப்பின் ஜெனரேட்டரின் மின்சாரம் மீட்டரைக் கடந்து, சர்வீஸ் கம்பி வழியே வீதிக் கம்பத்துக்கு ஏறிவிடும்.

இத்தகைய கம்பி வீட்டிலிருப்பவர்களுக்கும் எமனாகும். யந்திரம் ஓடும்போது சுவரிலிருந்து அந்தப் பிளக்கு கழன்று விழுந்தால், அதன் முட்கள் மின்சாரத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தை அதை எடுத்துவிட்டால் நேரக்கூடியதை நாம் எழுதவேண்டியதில்லை.

கணக்கு என்ன சொல்லுகிறது?

வீட்டு ஜெனரேட்டர் தருவது 230 வோல்ட். இந்தச் சிறிய அளவு வீதிக்குப் போய் என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்பர். 230 வோல்ட்டே ஒருவரைக் கொல்லப் போதுமானது என்பது முதற் சமாதானம். இரண்டாவது சமாதானத்தை உணர, வீதி முனையிலுள்ள டிரான்ஸ்பார்மரின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

11,000 வோல்ட் அழுத்தத்தில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற அளவுக்குக் குறைப்பது டிரான்ஸ்பார்மரின் வேலை. ஒரு வீட்டுக்குப் போகும் பேஸ் ஒன்றைக் கணக்கிட்டால், 11,000 வோல்ட் சுமார் 250 வோல்ட்டாகக் குறைகிறது. அதாவது 44ல் ஒரு பங்கு. ஆனால் டிரான்ஸ்பார்மர் மேலிருந்து கீழே மட்டும் விடும் கருவியன்று. உள்ளே இருப்பவை இரும்பு மையத்தைச் சுற்றிய செம்பு அல்லது அலுமினியச் சுருள்களே. எந்தப் பக்கம் மின்சாரம் நுழைகிறதோ அதற்கேற்ப மறுபக்கம் விளைவு தோன்றும். கீழ்ப் பக்கத்தில் 230 வோல்ட் நுழைந்தால் மேல் பக்கத்தில் அதன் 44 மடங்கு, அதாவது 10,120 வோல்ட் எழும். கடை முகப்பில் மூலையிலிருந்து உறுமும் ஒரு சிறு யந்திரம், மேலேயுள்ள உயர் அழுத்தக் கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டை ஏற்றிவிடக்கூடும் என்பதைப் பலரும் நம்பமாட்டார்கள். கணக்கு நம்பிக்கையை எதிர்பார்ப்பதில்லை.

"எங்களுடையது இரண்டு கே.வி.ஏ. யந்திரம், தெரு முழுவதையும் அதனால் தாங்க முடியுமா? அடுத்த வீட்டு விளக்குகள் சேர்ந்ததுமே அது திணறி நின்றுவிடும்" என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் பாதி மெய் உண்டு. முழுத்தெருவின் சுமையும் ஏறினால் சிறு யந்திரம் நின்றுவிடும்தான். ஆனால் புயலுக்குப் பின் தெரு முழுவதும் ஒன்றாயிருப்பதில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கும், பியூஸ் பிடுங்கப்பட்டிருக்கும், ஜெனரேட்டர் வைத்த வீட்டோடு ஒட்டி நிற்பது இரண்டு கம்பங்களும் நாலு வீடுகளுமாக இருக்கும். அந்த வீட்டாரும் மின்சாரம் இல்லையென்று சுவிட்சுகளை அணைத்திருப்பர். அப்போது அந்தச் சிறு யந்திரம் சிரமமின்றி ஓடும். கம்பியில் முழு அழுத்தமும் நிற்கும். லைன்மேன் வந்து ஏறுவதும் அந்த அறுந்த துண்டிலேதான்.

மனித உடலை மாய்க்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? ஆம்பியர் கணக்கில் பார்த்தால் மிகச் சொற்பமே. வீடுகளில் பிராணரட்சணைக்கென்று வைக்கும் கசிவு நிறுத்தும் கருவி 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. அதற்கு மேல் உடலினூடே பாய்வது அபாயமென்பதே அதன் காரணம். இரண்டு கே.வி.ஏ. யந்திரமோ 230 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் தரவல்லது. அதாவது 8,000 மில்லி ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் வழியே பத்தாயிரம் வோல்ட்டாக ஏறினாலும் 200 மில்லி ஆம்பியர் மிஞ்சும். ஊருக்கு விளக்கேற்ற அது போதாது. ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்க அது தாராளமாகப் போதும்.

நினைவை நம்பலாமா?

"நாங்கள் ஜெனரேட்டரை ஓட்டுமுன் மெயினை அணைத்துவிடுகிறோமே, பிறகென்ன?" என்று கேட்பவர்களே மிகுதி. அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஒரு முறை அல்ல, நூறு முறை அவர்கள் மறவாமல் அணைத்திருக்கலாம். நூற்றோராவது முறை மழை கொட்டுகிறது, கடையில் தண்ணீர் ஏறுகிறது, முதலாளி ஊரிலில்லை, புதிதாய்ச் சேர்ந்த பையன் யந்திரத்தை இழுத்து ஓட்டுகிறான். மெயினை அணைக்கவேண்டுமென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது வீட்டிலிருப்பவர் ஒருவர், மின்சாரம் வந்துவிட்டதோ என்று பார்க்க மெயினைப் போட்டுப் பார்க்கிறார். ஒருவருடைய பிராணன் மற்றொருவருடைய நினைவைச் சார்ந்து நிற்கும் ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று கூற முடியாது. ரயில்வேயில் சிக்னல் கைகாட்டியையும் தண்டவாளத்தையும் ஒன்றோடொன்று பூட்டி வைப்பது ஏன்? ஸ்டேஷன் மாஸ்டர் மறதிக்காரர் என்பதனாலன்று; மனிதனாய்ப் பிறந்த எவனும் ஒரு நாள் மறப்பான் என்பதனாலேயே. மாற்றுச் சுவிட்சின் தத்துவமும் அதுவே.

மெயின் அணைக்கப்படாதிருக்கையில் சர்க்கார் மின்சாரம் திடீரெனத் திரும்பினால் நேருவதையும் கவனிக்கவேண்டும். நம் தேசத்து மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்வது. ஜெனரேட்டரின் சுழற்சியும் அந்தச் சுழற்சியும் ஒரே கணத்தில் ஒரே நிலையில் இருப்பது தற்செயலாக நடவாது. இரண்டும் முரண்பட்டு மோதும்போது, பின்னாலே பெரும் நிலையங்களின் பலத்தோடு நிற்கும் பொதுக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. சிறு யந்திரத்தின் சுருள்களே கருகும். பெட்ரோலோ டீசலோ நிறைந்த யந்திரம், அட்டைப் பெட்டிகளும் சாக்குகளும் எண்ணெய் டின்களும் அடுக்கிய கடை, அடுத்த கடைக்கும் அதற்கும் இடையே ஒரு பலகைத் தடுப்பு. மார்க்கெட்டில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாற்றுச் சுவிட்சு லைன்மேனைக் காப்பதற்கு முன்பே கடைக்காரரைக் காக்கிறது.

தேசத்தின் ஒரே சக்கரம்

பொதுக் கம்பியுடன் இணைவது என்றால் என்ன என்பதைச் சற்று விரிந்த நோக்கில் காண்போம். புதுச்சேரிக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் பங்கும் உண்டு, கல்பாக்கத்து அணுவின் பங்கும் உண்டு, காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே அமைந்த 765 கிலோ வோல்ட் கம்பி வழியே தென்னிந்திய மின்வலை ஏனைய இந்திய மின்வலையோடு சேர்க்கப்பட்டது. அன்று முதல் காஷ்மீரத்திலும் கன்யாகுமரியிலும் சுழலும் யந்திரங்கள் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. தேச ஐக்கியத்தைப் பற்றி மேடைகளில் பேசக் கேட்கிறோம். அது வினாடிக்கு 50 முறை கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறுவது இந்த மின்வலையிலேதான்.

ஆயிரம் மெகாவாட் நிலையமாயினும் இந்த வலையில் இணையுமுன் தன் அழுத்தத்தையும், சுழற்சியின் வேகத்தையும், நிலையையும் வலையோடு ஒத்துப் பார்த்த பிறகே கதவைத் திறக்க அனுமதி பெறும். இணைந்த பிறகும் கட்டுப்பாட்டு நிலையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே நடக்கவேண்டும். ஒழுங்கு தவறினால் விளைவது என்ன என்பதை 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31ந் தேதிகளில் வட இந்தியா கண்டது. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி ஜனங்கள் வாழும் பிரதேசத்தில் மின்சாரம் நின்றது. பெரிய நிலையங்களுக்கு இத்தனை நிபந்தனைகள் இருக்கையில், கடை வாசலில் நிற்கும் யந்திரம் மட்டும் எவர் அனுமதியுமின்றி அதே வலையில் கை நுழைப்பது எந்த முறையில் சேர்ந்தது?

முறைப்படி இணைபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரியின் சூரியவீட்டுத் திட்டம், ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரியத் தகடுகள் அமைக்கும் நோக்கமுடையது. மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் உதவித்தொகை அதில் உண்டு. இந்தத் தகடுகள் பொதுக் கம்பிக்கு மின்சாரம் அனுப்பவே செய்கின்றன. ஆயினும் அவற்றோடு சேர்ந்த இன்வெர்ட்டர், கம்பியில் சர்க்கார் மின்சாரம் நின்ற மாத்திரத்தில் தானும் நின்றுவிடவேண்டும் என்பது கட்டாயம். இதைப் பரீட்சிக்கவே ஐ.எஸ். 16169 என்ற இந்தியத் தர விதி ஏற்பட்டிருக்கிறது. "வெயில் காய்கிறதே, ஊரில் மின்சாரம் இல்லாவிட்டாலும் என் தகடு ஏன் வேலை செய்யவில்லை?" என்று அலுத்துக் கொள்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். அது கோளாறன்று, கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு அந்தக் கருவி காட்டும் மரியாதை. யந்திரம் காட்டும் அந்த மரியாதையை மனிதர் காட்டாதிருப்பது அழகாகுமா?

கம்பத்தின் மேல் இருப்பவர்

புயல் ஓய்ந்த மறுநாள் கம்பத்தில் ஏறுபவர் யார்? ஊரறிந்த லைன்மேனாக இருப்பின் எந்த வீட்டில் யந்திரம் உண்டென்று ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் பெரும் புயல்களுக்குப் பின் உள்ளூர்ச் சிப்பந்திகள் போதாமல், பிற மாவட்டங்களிலிருந்து ஆட்களை வரவழைப்பது வழக்கம். தானே புயலின்போது கடலூர்ப் பக்கத்தில் அவ்வாறே நடந்தது. அவர்களுக்குத் தெருவும் தெரியாது, வீடும் தெரியாது. ஈரமான கம்பம், ஈரமான கையுறை, "எப்போது வரும், எப்போது வரும்" என்று கீழே நின்று நெருக்கும் ஜனங்கள். இவற்றினிடையே அவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களை விரைவாக வேலை செய்யும்படி நெருக்குபவர்களில் ஒருவர் வீட்டு ஜெனரேட்டரே அவர்களுக்கு எமனாக அமைவது எத்தகைய கொடுமை! அமெரிக்காவிலும் சூறாவளிகளுக்குப் பின் இவ்வாறு லைன்மேன்கள் மாண்டதுண்டு; அதனாலேயே அங்கு ஒவ்வொரு புயற் காலத்திலும் இதைக் குறித்து மின்சாரக் கம்பெனிகள் ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுக்கின்றன.

கம்பியைத் தொடுமுன் பரீட்சை செய்து, வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியை எர்த் செய்துகொள்ளவேண்டுமென்று விதி இருக்கிறதே என்பர். ஆம், இருக்கிறது, அதைத் தவறாது பின்பற்றுமாறு லைன்மேன் சகோதரர்களையும் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் பரீட்சைக் கருவியும், எர்த் கம்பியும், நல்ல கையுறையும் ஒவ்வொரு குழுவுக்கும் போதிய அளவில் கொடுக்கப்பட வேண்டியது இலாகாவின் கடமை. மேலும், அவர் பரீட்சை செய்தபோது ஓடாதிருந்த யந்திரம், அவர் கம்பத்தின் மேலிருக்கும்போது ஓடத் தொடங்கலாம். ஆகையால் ஒருவர் விதியைப் பின்பற்றுவது மற்றவரை அவர் கடமையிலிருந்து விடுவிப்பதாகாது.

சட்டமும் நடைமுறையும்

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயிருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 47-ஏ விதி, ஜெனரேட்டர் அமைக்கும் உபயோகிப்பாளர் அதை இயக்குமுன் 30 நாள் முன்னறிவிப்பை மின்சாரம் வழங்குவோருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தரவேண்டுமென்றும், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்டதாயின் இன்ஸ்பெக்டரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்றும் கூறியது. அந்த விதிகளுக்குப் பதிலாக மத்திய மின்சார ஆணையம் 2010லும் பிறகு 2023லும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி மின் இன்ஸ்பெக்டர்களும் நியமிக்கப்படுகின்றனர். ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் புயலடித்த மாலையில் வாடகைக்கு யந்திரம் எடுத்து வந்து கம்பியை முறுக்குபவர், எந்த விதியைப் படித்துவிட்டு முறுக்குகிறார்? தண்டனையைப் பற்றிய அச்சம் மட்டும் இதைத் திருத்திவிடும் என்று நாம் நம்பவில்லை. அபராதம் விதிப்போம் என்று பயமுறுத்தினால், ஜனங்கள் யந்திரத்தை மறைப்பர். மறைக்கப்பட்ட யந்திரமே லைன்மேனுக்கு அதிக அபாயமானது. சட்டம் கடைசிக் கருவியாக இருக்கட்டும். முதற் கருவி சுலபமான ஏற்பாடாக இருத்தல் வேண்டும்.

செய்யத் தக்கவை

ஆகவே சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம். ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், உரிமம் பெற்ற மின்தொழிலாளியைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு ஒன்றை அமைத்துக் கொள்ளவேண்டும். ஒரு பேஸ் இணைப்புக்குப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சுவிட்சும், மூன்று பேஸ் இணைப்புக்கு நான்கையும் மாற்றும் சுவிட்சும் தேவை. நியூட்ரலை மாற்றாமல் பேஸை மட்டும் மாற்றும் அரைகுறை வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது. இதற்கு ஆகும் செலவு யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதியே. அதற்கும் இயலாதவர்கள் தனிக் கம்பியில் இரண்டு விளக்கை எரித்துக் கொள்ளட்டும். சுவரிலுள்ள பிளக் துவாரத்தில் மட்டும் ஜெனரேட்டரைச் செருகவேண்டாம். இரு முனையிலும் முள் வைத்த கம்பி எந்த வீட்டிலாவது இருந்தால் அதை இன்றே வெட்டிவிடுவது நலம்.

மின்தொழில் செய்யும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அத்தகைய கம்பியைக் கட்டித் தரும்படி வாடிக்கைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். கம்பத்தில் ஏறுபவரும் உங்கள் தொழிலைச் சேர்ந்தவரே.

மின்துறை செய்ய வேண்டியதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே, வார்டு தோறும் ஜெனரேட்டர்களைப் பார்வையிட்டுப் பதிவு செய்யும் முகாம் நடத்தலாம். அபராதமின்றி, கட்டணமின்றி, "உங்கள் இணைப்பு சரி" என்றோ "இன்னின்ன மாற்றம் தேவை" என்றோ எழுதிக் கொடுத்தால் ஜனங்கள் தாமாகவே முன்வருவர். யந்திரமுள்ள வீட்டின் சர்வீஸ் கம்பி புறப்படும் கம்பத்தில் சிறு அடையாளத் தகடு ஒன்றை அடித்துவிட்டால், வெளியூரிலிருந்து வரும் லைன்மேனுக்கும் எச்சரிக்கையாகும். வினியோகம் சர்க்கார் கையிலிருப்பினும், நாளை வேறு கைக்குப் போயினும் இந்தப் பதிவேடு உதவும். கம்பியின் சொந்தக்காரர் யாராயினும் அதைத் தொடுபவரின் உடல் ஒன்றேதான்.

இதைத் தொடங்குவதற்குப் பெரிய மார்க்கெட்டைவிடச் சிறந்த இடம் கிடையாது என்பது நமது அபிப்பிராயம். கடைகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. வியாபாரிகளிடையே ஒற்றுமையும் சங்கங்களும் இருக்கின்றன. மார்க்கெட்டைச் சீர்மிகு நகரத் திட்டத்தில் புதுப்பிக்கும் யோசனை வந்தபோது தங்கள் கருத்தை ஒரே குரலில் கூறியவர்கள் அவர்கள். கடைக்கொரு சிறு யந்திரத்தை ஓட்டிப் புகையையும் இரைச்சலையும் பெருக்குவதைவிட, காற்றோட்டமான ஓரிடத்தில் பொது யந்திரம் ஒன்றை வைத்து, மாற்றுச் சுவிட்சுடன் முறையாக இணைத்து, செலவைப் பகிர்ந்து கொள்வதைப் பற்றி அவர்கள் நகராட்சியோடு கலந்து ஆலோசிக்கலாம். அது கைகூடும் வரையில், எந்தக் கடையிலும் மாற்றுச் சுவிட்சின்றி யந்திரம் ஓடாது என்று தமக்குள் ஒரு கட்டுப்பாடு செய்து கொண்டால் அதற்குச் சர்க்கார் உத்தரவு எதுவும் தேவையில்லை. மார்க்கெட்டில் வந்த வழக்கம் ஊரில் பரவ நாளாகாது.

எந்தக் கடையையும் எந்த வீட்டையும் சுட்டிக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. தன் வீட்டில் விளக்கெரிய வேண்டுமென்று விரும்ப ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையின் எல்லை மெயின் சுவிட்சோடு முடிகிறது. அதற்கு அப்பாலுள்ள கம்பி நமது சொந்தமன்று, எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுக் கம்பியைப் பழுது பார்க்க மழையிலும் இருளிலும் வருபவர், கம்பி ஓய்ந்து கிடக்கிறது என்று நம்மை நம்பியே கை வைக்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற ஒரு சுவிட்சு போதும். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் அந்தச் சுவிட்சு ஒவ்வொரு ஜெனரேட்டரின் அருகிலும் இருக்கும்படி ஜனங்களும் இலாகாவும் சேர்ந்து பார்த்துக் கொள்வார்களாக.